போர்டில் தமிழ் இருக்கு... பீரியடில் யார் இருக்கா?

தேவிகுளம், பீர்மேடு என்று யாராவது வாயெடுத்தால் போதும், நம்மாட்களுக்கு இரத்தம் சூடாகிவிடும். 1954 துப்பாக்கிச்சூடு, மார்ஷல் நேசமணி, 1956 நவம்பர் 1, கைவிட்டுப் போன மலை... பாரிஸ் லா சப்பேலில் ஒரு டீ ஆறுவதற்குள் இரண்டு தாலுகாவையும் மீட்டுக் கொடுத்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் அந்த மலையில், ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இத்தனை வருஷப் பேச்சில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அங்கே ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் திங்கட்கிழமை பிசிக்ஸ் பீரியடை யார் எடுக்கிறார்கள்?

இது அதைப் பற்றித்தான். மலையை மீட்கிற வேலை வேறு யாராவது பார்க்கட்டும்.

என் அக்கா மகள் மூணாறு பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் ஒன்பதாவது படிக்கிறாள். என் பையன் இங்கே 'கொலேஜ்' கடைசி வருஷம் (பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நம்மூர்க் கணக்கில் அது ஹைஸ்கூல்தான்). இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒரு வாரம் முழுக்க என்னென்ன பாடம் என்று இருவரையும் எழுதித் தரச் சொன்னேன். அக்கா மகள் திருப்பிக் கேட்டாள்: "மாமா, டைம்டேபிள்ல இருக்கறத எழுதணுமா, நடந்தத எழுதணுமா?"

பதினான்கு வயசுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம்.

முதலில் பையனுடைய வாரம். மொத்தம் 26 மணி நேரம். பிரெஞ்சு 4, கணக்கு 3.5, வரலாறு-புவியியல்-குடிமையியல் சேர்த்து 3.5, முதல் அந்நிய மொழி 3, இரண்டாவது அந்நிய மொழி 2.5, உயிரியல், இயற்பியல்-வேதியியல், தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் 1.5, விளையாட்டு 3, ஓவியமும் இசையும் ஆளுக்கொரு மணி. புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவான். நாடு முழுக்க அரசாங்கம் நிர்ணயித்த கணக்கு இது.

இப்போது அக்கா மகளுடைய வாரம். டைம்டேபிளில் குறையே சொல்ல முடியாது. தமிழ் இரண்டு தாள், ஆங்கிலம், இந்தி, மலையாளம், சமூக அறிவியல், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, கணக்கு, ஐ.டி. நடந்தது என்ன? தமிழ் டீச்சர் எல்லா நாளும் வந்தார், நன்றாகவும் நடத்தினார். பிசிக்ஸுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. தினக்கூலிக்கு வந்தவர் மலையாள மீடியத்தில் படித்தவர், தமிழ் எழுத்தே வாசிக்கத் தெரியாது. அவர் மலையாளத்தில் விளக்குகிறார், போர்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறார், பிள்ளை கையில் இருக்கும் புத்தகம் தமிழ். அவர் "பிரவேகம்" என்கிறார், போர்டில் வெலாசிட்டி, புத்தகத்தில் திசைவேகம். "த்வரணம்" என்றால் முடுக்கம் என்பதை இவளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கணக்குக்கு இரண்டு நாள் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரியில் "நோட்டு முடிங்க" என்றார்களாம்.

அந்தத் தினக்கூலி ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் சொல்லித் தருகிறார். தமிழ் தெரியாதவரைத் தமிழ் வழி வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, ரெஜிஸ்டரில் "பாடம் நடந்தது" என்று எழுதிக்கொள்கிற ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்கிறேன்.

"டியூஷன் வைக்கலாமே, கைடு வாங்கித் தரலாமே" என்பீர்கள். போடிநாயக்கனூரிலோ தேனியிலோ வாங்கும் தமிழ் கைடு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு, இவள் படிப்பது கேரளப் பாடத்திட்டம். கேரளக் கடையில் கிடைக்கும் கைடோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். இரண்டுக்கும் நடுவே நிற்கிற பிள்ளைக்கு வகுப்பறை மட்டும்தான் வழி. அந்த வகுப்பறையும் இப்படி.

மூணாறு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் இங்கே என் நண்பர். அவருடைய ஊரில் எஸ்டேட் கிடையாது, பாலக்காட்டுக் கணவாயின் வாயில் தென்னந்தோப்பும் வயலும்தான். அந்த மக்கள் லயத்துக்குக் கூலியாக வந்தவர்களும் அல்ல, பழைய கொச்சி சமஸ்தானத்துக் குடிகள். பேசுவது கொங்குத் தமிழ். ஆனால் புலம்பல் மட்டும் அச்சு அசல் ஒன்று. வசதி இருப்பவர்கள் பிள்ளையைப் பொள்ளாச்சிக்கோ இங்கிலீஷ் மீடியத்துக்கோ அனுப்பிவிடுகிறார்கள், மிஞ்சியவர்கள் தமிழ் மீடியம். வகுப்பில் எண்ணிக்கை குறைந்தால் போஸ்ட் குறையும், போஸ்ட் குறைந்தால் எண்ணிக்கை இன்னும் குறையும்.

சரி, ஏன் ஆசிரியர் இல்லை? சதி, கிதி என்று ஜல்லியடிக்க வேண்டாம். கேரள பி.எஸ்.சி. தமிழ் மீடியம் ஆசிரியர்களுக்கென்று தனியாகத்தான் விளம்பரம் கொடுக்கிறது. அந்தச் சின்னப் பட்டியலிலும் இட ஒதுக்கீட்டுச் சுழற்சி உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் குறிப்பிட்ட பிரிவில் தகுதியான ஆள் கிடைக்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று குறித்து, என்.சி.ஏ. என்ற பேரில் மறுபடி விளம்பரம், மறுபடி பரீட்சை, மறுபடி காத்திருப்பு. மலையாள மீடியத்தில் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் இடத்தில் இது ஓடிவிடும். தமிழ் மீடியத்தில் பயிற்சி பெற்றவர்களே கொஞ்சம். அந்த இடைவெளியில் ஒன்பதாம் வகுப்பு காத்திருக்காது, பத்தாம் வகுப்பாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யச் சொல்கிறது. ஆனால் தொடக்கக் கல்விக்கு மட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அது 14 வயதோடு முடிந்துவிடுகிறது. எந்த வயதில் திசைவேகமும் முடுக்கமும் ஆரம்பிக்கிறதோ, எஸ்.எஸ்.எல்.சி. வாசலில் நிற்கிறதோ, சரியாக அந்த வயதில் இரண்டு குடையும் மடங்கிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. 2017இல் கேரளம் மலையாள மொழி கற்றல் சட்டம் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம், மீறும் தலைமையாசிரியருக்கு 5,000 ரூபாய் அபராதம். கேரளத்தில் வாழும் பிள்ளைக்கு மலையாளம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. தாலுகா ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் பேச, வேலைக்கு எழுத, அந்த மண்ணின் மொழி தெரியத்தான் வேண்டும். "மலையாளம் வேண்டாம்" என்று பாரிஸிலிருந்து கொடி பிடிப்பவர்கள் அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்யவில்லை. என் கேள்வி வேறு. மலையாளம் நடத்தாவிட்டால் அபராதம் உண்டு. தமிழ் மீடியத்தில் பிசிக்ஸ் நடத்தாவிட்டால் யாருக்கு அபராதம்?

கேரளத்துக்கு வழி தெரியாது என்று சொல்ல முடியாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் 'ரோஷ்னி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். வங்காளம், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஆட்களை வகுப்பில் வைத்து, அந்த மொழி வழியாக மலையாளமும் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். அருமையான வேலை, கைதட்ட வேண்டும். நேற்று வந்த பிள்ளைக்கு இது முடியும் என்றால், கண்ணன் தேவன் மலையில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தேயிலை கிள்ளும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஏன் முடியாது? 2018இலிருந்து கேரளம் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியது. புரொஜெக்டர் வந்துவிட்டது. அதன் முன்னால் நின்று தமிழில் விளக்க ஆள் எங்கே?

2021இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா சட்டசபையில் தமிழில் பதவியேற்றார், நாம் எல்லோரும் புளகாங்கிதப்பட்டோம். தமிழாக்கத்தில் ஒரு முக்கியமான வாசகம் விட்டுப்போயிருந்ததால் அவர் மறுபடி பதவியேற்க வேண்டி வந்தது. எம்.எல்.ஏ.வுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. அரைகுறைத் தமிழில் பாடம் கேட்ட பிள்ளைக்கு அந்த ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் முறை வருமா?

பிரான்ஸ் சொர்க்கம் என்று கதை விட நான் தயாரில்லை. இந்த நாடு ஐரோப்பியச் சிறுபான்மை மொழிச் சாசனத்தில் 1999இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை அதை அங்கீகரிக்கவில்லை. பிரெத்தோன், பாஸ்க் மொழிக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நம் பிள்ளைகளின் தமிழ் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ச்சோலை தயவில்தான் ஓடுகிறது. ஆசிரியர் வராத வகுப்புகள் இங்கேயும் ஏராளம், என் பையனும் அந்த மணி நேரங்களில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். இவர்கள் மணியை எண்ணுகிறார்கள். 1988இல் இங்கத்திய உயர் நிர்வாக நீதிமன்றம் ஒரு தகப்பனார் போட்ட வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: கட்டாயப் பாடங்களை நிர்ணயித்த நேரப்படி நடத்துவது அரசின் சட்டப்படியான கடமை, தவறினால் அரசு பொறுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு சமீப வருஷங்களிலும் பெற்றோர்கள் வழக்குப் போட்டு, நடக்காத வகுப்புக்கு நஷ்ட ஈடு வாங்கியிருக்கிறார்கள். தொகை சிறியதுதான். ஆனால் நடக்காத பீரியடுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, கேட்க ஒரு வாய் இருக்கிறது.

அப்புறம், தமிழ்நாட்டு அண்ணாச்சிகள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். 2006இல் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்த நாம், நம் எல்லைக்குள் தெலுங்கும் மலையாளமும் உருதும் பேசும் பிள்ளைகளைத் தமிழ்த் தாளுக்கு விலக்குக் கேட்டு 2016இல் ஹைகோர்ட்டுக்கும் 2023இல் சுப்ரீம் கோர்ட்டுக்கும் அலைய வைத்தவர்கள்தான். ஓசூர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயம், மூணாறு பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று பேசினால் எந்தச் சபையிலும் எடுபடாது. காசர்கோட்டில் கன்னடம் தெரியாதவரைக் கன்னட வகுப்புக்கு அனுப்பியபோது பிள்ளைகளும் பெற்றோரும் போராடினார்கள். அவர்கள் கேட்டதும் இதேதான்: பிள்ளைக்குப் புரிகிற மொழியில் பாடம்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிடலாமே" என்று ஒரு கூட்டம் வரும். போட்டவர்கள் போட்டுவிட்டார்கள். நான் பேசுவது முடியாதவர்களைப் பற்றி. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, பொம்பிளை ஒருமை, அப்போது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். போராடித்தான் 301 ஆக்கினார்கள். லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும், அல்லது மகளோ மருமகளோ அந்தக் கூடையைத் தோளில் மாட்ட வேண்டும். அந்த வீட்டிலிருந்து வெளியேற இருக்கிற ஒரே கதவு பத்தாம் வகுப்பும் அதற்குமேல் படிப்பும். பிளஸ் ஒன் போனால் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம். ஒன்பதில் பிசிக்ஸ் புரியாத பிள்ளை அங்கே சயன்ஸ் குரூப்பை நினைத்துக்கூடப் பார்க்காது. கெமிஸ்ட்ரி பீரியடில் "நோட்டு முடிங்க" என்று சொன்னதற்கு விலை இதுதான்.

அந்தப் பெண்கள் ஜெயித்தது எப்படி? பெரிய வரலாறு பேசி அல்ல. கிள்ளிய கிலோவையும் கைக்கு வந்த ரூபாயையும் போனஸ் சதவீதத்தையும் விரல் விட்டு எண்ணினார்கள், கணக்கு உதைத்தது, உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அதே கணக்குத்தான் வேண்டும்.

உங்கள் சொந்தக்காரப் பிள்ளை இடுக்கியிலோ பாலக்காட்டிலோ தமிழ் மீடியம் படிக்கிறதா? தைப்பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பும்போது கூடவே ஒரு வாரத்து வகுப்பை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நடந்ததை மட்டும். நாலு வீட்டுப் பிள்ளைகள் எழுதினால் பெற்றோர் அதை பி.டி.ஏ. கூட்டத்தில் மேஜையில் வைக்கலாம். அங்கிருப்பவர் யாராவது பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடலாம். இந்தப் பள்ளியில் தமிழ் மீடியத்துக்கு அனுமதித்த போஸ்ட் எத்தனை? எத்தனை நாளாகக் காலி? இப்போது வகுப்பெடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா? பதில் எழுத்தில் வரும், அதை மறுக்க முடியாது.

மாநிலத்தை மாற்ற 1956இல் முடியவில்லை. ஒரு பீரியடுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியரைக் கொண்டுவருவது அவ்வளவு பெரிய போர் அல்ல. அதையும் கேட்காமல், அடுத்த டீக்கு மறுபடி மலையை மீட்கக் கிளம்பினால்... மன்னிக்கவும், எனக்கு வேலை இருக்கிறது.

டிஸ்கி: அந்தத் தமிழ் டீச்சர் வாரம் முழுக்க வகுப்புக்கு வந்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவரைப் போன்றவர்கள் இன்னும் இருப்பதால்தான் அந்தப் பள்ளிகள் திறந்தே இருக்கின்றன. குறை சொன்னது அவர்களை அல்ல.