மூன்று காலில் நிற்கும் மணிக்காக ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

"சேர் வீட்டுல நாய் வளர்க்கிறாங்களாம்." இரண்டு கிழமையாகப் பதுளையில் எங்கள் வட்டாரத்தில் இந்தக் கதைதான். மாலை வகுப்புக்கு வந்த இரண்டு பிள்ளைகளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். "மார்க்கம் தெரிந்த குடும்பம் இப்படிச் செய்யலாமா?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். நேரில் கேட்டதற்கு அவருக்கு நன்றி. மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறோம்.

நடந்தது இதுதான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கப் போன பெண்கள், தேயிலைக்குள் ஒரு நாய் முனகுவதைக் கேட்டிருக்கிறார்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி அதன் இடது முன்னங்காலில் இறுகிக் கிடந்தது. கம்பி இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக வெட்டும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது கால் அழுகத் தொடங்கியிருந்தது. தோளோடு எடுத்துவிட்டார்கள். மணி என்பது லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயர். தையல் காயத்தோடு அதை வைத்துப் பார்க்க லயத்து அறையில் இடமில்லை. அதனால் நாங்கள் கொண்டுவந்தோம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். எதையும் மறைக்கவில்லை. நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர்கள். நாயின் எச்சில் நஜீஸ், பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். சட்டம் அதுதான், கழுவுகிறோம். காரணமில்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மை குறையும் என்ற ஹதீஸும் எங்களுக்குத் தெரியும். அதே ஹதீஸ் வேட்டைக்கும் கால்நடைக்கும் பயிருக்கும் விலக்குத் தருகிறது. வீட்டுக் காவலையும் அந்த வரிசையில் சேர்ப்பதே சரியானது என்று நம்முடைய மத்ஹபின் இமாம் நவவியே சொல்லியிருக்கிறார். மணி வீட்டுக்குள் வருவதில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் படுக்கிறது, இரவில் மரக்கறித் தோட்டத்தைக் காக்கிறது.

ஆனால் எங்கள் கேள்வி வேறு. கழுவச் சொன்ன சட்டத்தைக் கல்லெறியும் அனுமதியாக மாற்றியது யார்? தாகத்தில் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளே வகுப்பு முடிந்து போகும் வழியில் நாயைக் கண்டதும் கல்லைத் தேடுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிற பெரியவர்கள் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கஹ்ஃப் சூரா ஓதுகிறோமே, குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயை அல்லாஹ் ஏன் நினைவூட்டினான் என்று ஒரு தடவையாவது யோசித்தோமா? எங்கள் மணிக்கு நீட்டுவதற்கு ஒரு முன்னங்கால்தான் மிச்சம்.

அடுத்தது கம்பி. "நாம பன்றி சாப்பிடுறதில்ல, அது நம்ம பிரச்சினை இல்ல" என்கிறோம். தேயிலைக்குள் கட்டுகிற பழைய பிரேக் கேபிளும் கிளச் கம்பியும் தேயிலைச் செடியிலா காய்க்கின்றன? டவுனில் இருக்கிற கராஜ்களில் இருந்துதான் போகின்றன. அவற்றில் நம்முடையவையும் உண்டு. கம்பி பன்றியா, நாயா, சிறுத்தையா என்று பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் இப்படியொரு கம்பியில் சிக்கிய கறுஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. நாடே கவலைப்பட்டது. அதே கம்பியில் கால் போன தோட்டத்து நாயைப் பற்றி யார் பேசினார்கள்?

"மனிசனுக்கே சோறில்ல, நாய்க்கு என்ன?" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மணியைக் கண்டெடுத்த பெண்களின் நாட்சம்பளம் உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். பகல் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன ரொட்டியில் பாதியை அவர்கள்தான் அதற்குக் கொடுத்தார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. வயிறு நிறைந்த நாம்தான் கேட்கிறோம்.

"காலில்லாத நாய் கஷ்டப்படும், ஊசி போட்டுக் கொன்றிருக்கலாம்" என்றும் சிலர் சொன்னார்கள். வந்து பாருங்கள். நாயின் உடம்புப் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்கும், அதனால் முன்னங்கால் போனால் சிரமம் கூடத்தான். முதல் சில நாள் மணி எழும்பும்போதெல்லாம் முகம் குப்புற விழுந்தது. வழுக்கும் சீமெந்துத் தரையில் சாக்கு விரித்தோம். தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு போட்டோம். தையல் வெட்டும் வரை ஓடவும் படியேறவும் விடவில்லை. மருந்து வைத்தியர் எழுதியது மட்டும்தான், பெனடோல் நாய்க்கு நஞ்சாகலாம். மிச்சமிருக்கிற கால்கள் தாங்க வேண்டுமே என்று கொழுக்க விடாமல் அளந்து சாப்பாடு வைக்கிறோம். இப்போது வாசல் வரை தானாக வருகிறது. காலுக்காக அழுதுகொண்டு உட்காரவில்லை.

எல்லோரும் நாய் வளருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை கல்லெடுத்தால் கையைப் பிடியுங்கள். கராஜ் வைத்திருப்பவர்கள் பழைய கம்பியை யாருக்குக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். தேயிலைக்குள் கம்பி கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தெரு நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வந்தால் துரத்தாமல் பிடித்துக் கொடுங்கள், அது நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

நிறுத்திய இரண்டு பிள்ளைகளையும் அனுப்புங்கள். மணி பின்பக்கத்தில்தான் கட்டியிருக்கும். பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கிணற்றில் இறங்கியவரின் ஹதீஸைப் படிப்பிக்கும் நாளில் மட்டும் பின்பக்கக் கதவைத் திறந்து வைப்போம்.

வஸ்ஸலாம்.