என்ன வேலை பார்த்தீர்கள்?

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், 'டர்னர் பிரதர்ஸ்' கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆலையில் நூல் நூற்றவர் நெல்லி கெர்ஷா. 1924-இல் மூச்சுத் திணறி இறந்தபோது அவருக்கு வயது 33. வேலைதான் நோய்க்குக் காரணம் என்பதை ஏற்க நிறுவனம் மறுத்தது, இழப்பீடும் தரவில்லை. அவருடைய நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்புகளும் இருந்தன. ஆனால் அதோடு நின்றுவிடாமல் நுண்ணோக்கியில் பார்த்தார் மருத்துவர் டபிள்யூ. இ. குக், கனிமத் துகள்கள் தென்பட்டன. 1927-இல் அவர் அந்த நோய்க்கு வைத்த பெயர் ஆஸ்பெஸ்டோசிஸ்.

கூரை ஷீட்டை அறுக்கும்போதும், பழைய கொதிகலனின் காப்பு உறையைப் பிரிக்கும்போதும் கல்நார் இழைகள் தூசியாகப் பறக்கின்றன. மூச்சோடு காற்றறைகள் வரை இறங்கும் அந்த இழைகளை உடலின் காவல் செல்களால் செரிக்க முடிவதில்லை. அழற்சி தொடர்ந்து, தழும்பு படர்ந்து, நுரையீரல் விறைத்துப்போகிறது. வறட்டு இருமல் விடாது. மாடிப்படி ஏறினால் இரைக்கும். தழும்பை மாற்ற மருந்தில்லை. நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. புகைபிடிப்பவருக்கு அது இன்னும் பல மடங்கு.

இவை தெரியவரப் பெரும்பாலும் 10, 20 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் தொழிலாளி ஊர் மாறியிருப்பார், வேலை மாறியிருப்பார்.

இந்தத் தாமதத்தை உணர்ந்துதான், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தினக்கூலிக்கு ஷீட் அறுப்பவருக்கும், இடிப்பு வேலைக்குப் போகிறவருக்கும் பதிவேடு ஏது?

சிமென்ட்டில் இறுகிய வெள்ளைக் கல்நாரால் கெடுதல் இல்லை என்கிறது தொழில்துறை. ஷீட்டை அறுக்காமல், துளையிடாமல், உடைக்காமல் எந்தக் கூரை போடப்படுகிறது, பிரிக்கப்படுகிறது? எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரிட்டன் 1999-இல் தடை விதித்தது. இந்தியாவோ இன்னும் இறக்குமதி செய்கிறது. இது நிறுத்தப்பட வேண்டும்.

இன்றே தடை வந்தாலும், ஏற்கெனவே தூசியைச் சுவாசித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக, அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் பெயர், வயதுக்கு அடுத்து, இதுவரை பார்த்த வேலைகளையும் எழுத ஓர் இடம் வேண்டும். இரைப்போடு வருபவரைக் காசநோய், பீடி, முதுமை என்று முடிவுகட்டும் முன் மருத்துவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். சட்டப்படி இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது. இழப்பீடு கோரும் ஏழைத் தொழிலாளிக்குச் சீட்டில் வேலையைக் குறித்த அந்த ஒரு வரி சான்றாக உதவும்.