நான்கு எம்.பி.க்களும் நம்மவர்களே: புதுக்கோட்டை மாவட்ட மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நம் மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. 234-ஐ 39-ஆல் வகுத்துப் பார்த்தால் தெரியும். கணக்கு இவ்வளவு நேராகப் பொருந்தியும், புதுக்கோட்டை என்ற பெயரில் இன்று ஒரு மக்களவைத் தொகுதி இல்லை. 1952 முதல் தேர்தலில் இருந்தது. 2004 தேர்தல் வரை இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் போய்விட்டது. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சியோடு சேர்ந்தன. விராலிமலை கரூருக்குப் போனது. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு.

2009 தேர்தலில் நம்மில் பலர் வாக்குச்சாவடியில் 49-ஓ கேட்டு, யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு வந்தோம். அந்தக் கோபம் நியாயமானது. இன்றும் அது தணியவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு நாம் இன்னொன்றையும் செய்துவிட்டோம். நமக்கு எம்.பி.யே இல்லை என்று நாமே முடிவு கட்டிக்கொண்டோம். கேட்கவேண்டியதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டோம். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த வேண்டுகோள். நமக்கு எம்.பி. இல்லாமல் இல்லை. நான்கு பேர் இருக்கிறார்கள். அந்த நால்வரையும் ஒரே குரலில் கேட்கும் மாவட்டமாக நாம் மாறவேண்டும்.

சிரமம் எங்களுக்குத் தெரியாததல்ல. விராலிமலைக்காரர் தம் எம்.பி.யைப் பார்க்கத் திருச்சியைத் தாண்டிக் கரூர் போகவேண்டும். ஆலங்குடிக்காரருக்குப் புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி என்று மூன்று ஊர் கடந்தால்தான் சிவகங்கை. கோட்டைப்பட்டினத்து மீனவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம். திருச்சித் தொகுதியில் நாம் ஆறில் இரண்டு, கரூரில் ஆறில் ஒன்று. எங்கே போனாலும் வேறு மாவட்டத்துத் தலைநகரம் முன்னே நிற்கிறது, நாம் ஓரத்தில் நிற்கிறோம். வேட்பாளர் பிரச்சாரத்துக்கு வந்தாலும் கடைசி இரண்டு நாளில்தான் நம் பக்கம் வண்டி திரும்புகிறது.

அதே சமயம் இதில் ஒரு பலமும் உண்டு. காவிரி – வைகை – குண்டாறு இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கரூர் தொகுதியில் உள்ள மாயனூர் கதவணையிலிருந்து தொடங்கி, திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் வழியாகக் குண்டாறு வரை சுமார் 262 கிலோமீட்டர் போகும் கால்வாய் அது. 14,400 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்தில்தான் அடிக்கல் நாட்டினார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு மத்திய அரசின் பங்கு வேண்டும். கர்நாடகத்தின் எதிர்ப்புக்கு டெல்லியில் பதில் சொல்ல ஆள் வேண்டும். கால்வாய் போகும் பாதையைப் பாருங்கள், நம் மாவட்டம் சிதறிக் கிடக்கும் நான்கு தொகுதிகளும் அதில் வருகின்றன. நால்வரும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியை எழுப்பினால் ஜல்சக்தி அமைச்சகம் அதை ஒரு தொகுதியின் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒற்றை எம்.பி. உள்ள மாவட்டத்துக்கு இல்லாத வாய்ப்பு இது. இதுவரை நாம் இதைப் பயன்படுத்தவில்லை.

எம்.பி. என்றால் பயணியர் நிழற்குடை கட்டித் தருபவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அவருடைய பெரிய வேலை அதுவல்ல. மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வதற்காக நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகள் பட்டியலிடப்படுகின்றன. மேலும் அதிகபட்சம் 230 கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில் வருகிறது. அந்தப் பதில் அவையில் வைக்கப்பட்டு அச்சேறுகிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். அமைச்சர் "பரிசீலிக்கிறோம்", "தகவல் திரட்டப்படுகிறது" என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகிறது. அதை நிறைவேற்றினார்களா என்று பார்க்க அவையில் தனியாக ஒரு குழுவே இருக்கிறது, மூன்று மாதம் கெடு. நம் கோரிக்கை ஒன்று இந்தப் பாதையில் ஏறிவிட்டால், ஆட்சியர் அலுவலகத்து மனுநாளில் கொடுத்துவிட்டு வருவதைப் போல எளிதில் மறைந்துபோகாது.

கேள்வி கேட்க 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்பது விதி. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு நாம் மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பயன் குறைவு. பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று ஆண்டுக்கு மூன்று தொடர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பே நம் காகிதம் அவர்கள் மேசைக்குப் போகவேண்டும்.

அந்தக் காகிதம் எப்படி இருக்கவேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். நல்ல கோரிக்கைகள் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே மனுவில் சாலை, ரயில், ரேஷன் கடை, கோயில் நிலம் என்று பத்து விஷயம் எழுதி, கீழே "ஆவன செய்யுமாறு" என்று முடித்தால் அதை எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்று உதவியாளருக்கே தெரியாது. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் மனுவில் இருக்கவேண்டியவை இவை: படகின் பதிவு எண், அன்று மீன்துறை கொடுத்த டோக்கனின் நகல், படகில் இருந்தவர்களின் பெயரும் அப்பா பெயரும், பிடிபட்ட தேதி, எந்தச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்ற தகவல், இதற்கு முன் யாருக்கு மனு கொடுத்து என்ன பதில் வந்தது என்ற ஒரு வரி. முகவரியில் எம்.பி. பெயருக்குக் கீழே "வெளியுறவு அமைச்சகத்தின் கவனத்துக்காக" என்று எழுதுங்கள். ஆட்கள் விடுதலையாகி வந்த பிறகும் படகு அங்கேயே நின்று உப்புக்காற்றில் மக்கிப்போகிறது. படகுக்குத் தனியாக இன்னொரு மனு எழுதுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும்போது சால்வையும் போட்டோவும் இருக்கட்டும், தவறில்லை. ஆனால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ராமநாதபுரம் எம்.பி.க்குக் கொடுத்த அதே மனுவின் நகலை மற்ற மூவருக்கும் அனுப்புங்கள். இதைத்தான் நாங்கள் எல்லாவற்றிலும் கேட்கிறோம். மீனவர் துயரம் அறந்தாங்கித் தொகுதிக்கு மட்டும் உரியதல்ல. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தபோது, அது சிவகங்கைத் தொகுதியின் பிரச்சினை என்று கீரனூரில் யாராவது சொன்னோமா? மாவட்டமே போய் அங்கே நின்றது. அந்த ஒற்றுமை பந்தலில் இருந்தது, டெல்லிக்குப் போகும் மனுவிலும் இருக்கட்டும். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ரயில் பாதை வேண்டும் என்று தாத்தா காலத்திலிருந்து கேட்டுவருகிறோம். அதையும் திருமயம்காரரும் அறந்தாங்கிக்காரரும் சேர்ந்து கேட்கவேண்டும்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 83 லட்சம். திருச்சியிலிருந்து இரண்டு பங்கு, சிவகங்கையிலிருந்து இரண்டு, கரூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒவ்வொன்று. கூட்டினால் நம் மாவட்டத்துக்கு நியாயமாக வரவேண்டியது ஆண்டுக்கு 5 கோடி, ஐந்தாண்டுக்கு 25 கோடி. நமக்கென்று ஒரு தொகுதி இருந்தாலும் இதே தொகைதான். எம்.பி. வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம்தான் ஒப்புதல் தந்து செய்யவேண்டும். எந்த ஊரில் எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பட்டியலைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். நான்கு தொகுதிக்குமான பட்டியலை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் நம் பங்கு வந்ததா என்று தெரியும். பட்டதாரி இளைஞர்கள் இந்த ஒரு வேலையைத் தோள்மேல் போட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

இன்னொரு இடமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. மத்திய அரசுத் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று பார்க்க, எம்.பி. தலைமையில் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு உண்டு. திஷா குழு என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும். வீடு கட்டும் திட்டம், குடிநீர் இணைப்பு, கிராமச் சாலை எல்லாம் அங்கே கணக்குக்கு வரும். ஒரு மாவட்டத்தில் பல எம்.பி.க்கள் இருந்தால் ஒருவர் தலைவர், மற்றவர்கள் இணைத் தலைவர்கள். ஆட்சியரையும் அதிகாரிகளையும் எதிரே வைத்துக்கொண்டு நால்வரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் புதுக்கோட்டையில் இது ஒன்றுதான். கூட்டம் எப்போது என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் ஊராட்சியின் நின்றுபோன வேலையை அந்த நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்கள் மாநிலம் முழுமைக்கும் பொறுப்பானவர்கள், நம் மனு அவர்களுக்கும் போகலாம்.

எங்களில் கட்சிக்காரர்களும் உண்டு, கட்சி சாராதவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், விவசாயிகள், கடைக்காரர்கள், மீனவக் குடும்பத்துப் பெண்கள் என்று கலந்திருக்கிறோம். இந்த வேண்டுகோளில் எந்த எம்.பி.யின் பெயரையும் நாங்கள் எழுதவில்லை. நாளை ஆள் மாறலாம், கட்சி மாறலாம். நீங்கள் வாக்களித்தவரோ, தோற்கவேண்டும் என்று வேலை செய்தவரோ, வென்று போன பிறகு அவர் உங்களுக்கும் எம்.பி.தான். வாக்களிக்காதவன் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படவேண்டாம். நால்வரிடமும் எங்கள் முதல் கோரிக்கை, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் நம் மாவட்டத்து எல்லைக்குள் ஓர் ஊரில் உட்கார்ந்து மனு வாங்குங்கள் என்பது. அதை நேரில் போய்க் கேட்கப்போகிறோம். உங்கள் கையெழுத்தும் அதில் வேண்டும்.

கடைசியாக, இழந்த தொகுதி. அடுத்த தொகுதி மறுசீரமைப்பில் மாநிலத்துக்கு எத்தனை மக்களவை இடம் கிடைக்கும், குறையுமா என்ற கவலை இப்போது தமிழ்நாடு முழுவதும் பேசப்படுகிறது. அந்தக் கவலையில் நமக்கும் பங்கு உண்டு. அதோடு, வரைபடத்தை மறுபடி வரையும் நாள் வரும்போது நம் மாவட்டம் மறுபடியும் நான்கு துண்டாகக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் நாம் 16 லட்சத்து 18 ஆயிரம் பேர். தமிழ்நாட்டின் சராசரி மக்களவைத் தொகுதிக்கு அப்போது சுமார் பதினெட்டரை லட்சம். பெரிய இடைவெளி இல்லை. 2002 தொகுதி மறுசீரமைப்புச் சட்டப்படி அமைந்த ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வு நடத்தியது. மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் அதில் இணை உறுப்பினர்கள். இறுதி ஆணை வந்துவிட்டால் நீதிமன்றத்தில் அதை மாற்றுவது மிகக் கடினம். நாம் பேசவேண்டியது அதற்கு முன்னால், எழுத்தில்.

ஆகவே அடுத்த கிராமசபையில் உங்கள் ஊராட்சியில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்து ஒரே மக்களவைத் தொகுதி ஆகவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிவானதா என்று நின்று பாருங்கள். ஊராட்சியின் கையொப்பமும் முத்திரையும் உள்ள நகல்களை நான்கு எம்.பி.க்களுக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலையும் தபால் ரசீதையும் ஊரில் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த மறுசீரமைப்பு ஆணையம் கருத்துக் கேட்க வரும் நாளில் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டக் குடிமக்கள் சிலர்