சும்மாடு

கங்கைகொண்ட சோழபுரம் என்ற பெயருக்குள் ஒரு நெடுநடை இருக்கிறது. முதலாம் ராஜேந்திரனின் படை 1020களின் முற்பகுதியில் வடக்கே புறப்பட்டு, சக்கரக்கோட்டம், கோசலம், லாடம், வங்காளம் என்று கடந்து கங்கையைத் தொட்டுத் திரும்பியது. அரசன் கோதாவரிக் கரையில் காத்திருக்க, தண்டநாயகன் கங்கை நீரோடு வந்து சேர்ந்தான். அந்த வெற்றிக்கு அடையாளமாக வெட்டிய சோழகங்கம் இன்று நமக்குப் பொன்னேரி. தோற்ற அரசர்களே அந்த நீரைச் சுமந்து வந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது.

புகழுரை அப்படித்தான் இருக்கும். இங்கிருந்து வங்கத்துக் கங்கைக் கரை நேர்க்கோட்டில் அளந்தாலே 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வழிக்கே 20 லட்சம் அடிகளாவது வைத்திருக்க வேண்டும். யானையும் குதிரையும் எருதும் போயிருக்கும். ஆனால் அரிசியும் பாத்திரமும் நீர்க்குடமும் பெரும்பாலும் பெயர் தெரியாத மனிதரின் தலையில்தான் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். மெய்க்கீர்த்தியில் நாடுகளின் பட்டியல் இருக்கிறது. சும்மாடு கட்டியவர்களின் பட்டியல் இல்லை.

அத்தனை தூரம் எப்படி முடிந்தது? விடை காலின் இயக்கத்தில் இருக்கிறது. குதிகால் ஊன்றியதும் அந்தக் கால் ஒரு கழிபோல விறைத்து நிற்கிறது. அதன்மேல் உடல் தலைகீழ் ஊசலாக எழும்பி, உச்சியைத் தாண்டி முன்னே சரிகிறது. எழும்போது வேகம் உயரமாகிறது, சரியும்போது அதே உயரம் வேகமாகத் திரும்புகிறது. இயல்பான நடையில் இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் மீள்கிறது. சேதாரத்தை மட்டும் கெண்டைக்காலும் இடுப்பும் ஈடுகட்டினால் போதும். குழந்தை இந்த ஊசலைப் பழக மாதக்கணக்கில் விழுந்து எழுகிறது. முதுமையில் அது தளரும்போது அடி குறுகுகிறது. இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் நிற்கும் நேரம் நீள்கிறது.

தலைச்சுமை இந்தக் கணக்கை எப்படி மாற்றும்? கென்யாவின் லுவோ, கிக்குயு பெண்களைச் சுமையோடு நடக்கவைத்து, செலவாகும் ஆக்சிஜனை அளந்த ஆய்வு 1986இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தும் கூடுதல் செலவே தெரியவில்லை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 10 கிலோ, ஒரு சிறு குடம் தண்ணீர். 1995இல் வந்த ஆய்வு காரணம் சொன்னது: சுமை ஏறியதும் அந்தப் பெண்களின் ஊசலில் சேதாரம் குறைந்திருந்தது. எல்லா ஊர்ப் பெண்களுக்கும் இது ஒரே அளவில் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். சிறுவயது முதல் சுமந்து பழகிய உடம்பு கற்றுக்கொண்ட கல்வி அது. அதைக் கல்வி என்று நாம் ஒருநாளும் அழைத்ததில்லை.

கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் தென்சுவரில் ஆடவல்லானின் காலடியில் காரைக்கால் அம்மையார் தாளம் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார். கயிலையில் கால் படக்கூடாது என்று தலையால் நடந்தவர். வடக்கே நடந்த படையின் வெற்றிக்கு எழுந்த கோயிலில், வடக்கே தலையால் நடந்த ஒரு பெண்! எல்லோரும் ஆடவல்லானின் தூக்கிய திருவடியைப் பார்ப்பார்கள். எனக்கு ஊன்றிய காலில்தான் கண் நிற்கும். முழங்கால் சற்று மடங்க, முழுப் பாரமும் ஒரே பாதத்தில். நாம் வைக்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் அப்படித்தான் நிற்கிறோம்.

1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள், மனித நடையை அளந்து, வீசும் காலை ஊசலாகக் கண்ட நூலை வெளியிட்டார்கள். அங்கே கால்கள் அறிவியலுக்குள் நுழைந்தன. இங்கே கல் சுமந்த கால்களை எவரும் ஏட்டில் ஏற்றவில்லை.

இன்றும் அதே பாராமுகம்தான். அரியலூர் மாவட்டச் சாலைகள் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகளுக்காக அகலமாகின்றன. நடப்பவருக்கு மிஞ்சுவது சரளை சரிந்த ஓரம். சரிந்த தரையில் ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் ஊன்ற, ஊசல் குலைகிறது; இடுப்பும் முழங்காலும் அந்தச் செலவைச் சுமக்கின்றன. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயிலிலிருந்து சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம் கிடைத்த மாளிகைமேடு வரை, ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு, சமதளமாக, புளியமர நிழலோடு ஒரு நடைபாதை போடச் சொல்கிறேன். பார்க்க வருபவருக்காக மட்டுமல்ல. மாலையில் புல்லுக்கட்டோடு வீடு திரும்பும் பெண் லாரிக்கு ஒதுங்கி ஓரத்துப் பள்ளத்தில் இறங்குகிறாள். கால் சறுக்குகிறது, கழுத்து அசையவில்லை, கட்டு அப்படியே இருக்கிறது.