சந்திரனைப் பார்த்துச் சட்டம் இயற்றலாமா?

1966ஆம் ஆண்டில் இந்நாட்டு ஞாயிற்றுக்கிழமை சட்டத்தினால் அகற்றப்பட்டது. டட்லி சேனாநாயக்கா தலைமையில் அமைந்த அரசாங்கம் சனி, ஞாயிறு விடுமுறைகளை ஒழித்து, சந்திரனின் நான்கு நிலைகளையொட்டிய போயா தினங்களையும் அவற்றுக்கு முந்திய தினங்களையும் வார விடுமுறையாக்கிற்று. வாரம் சிலவேளை ஏழு நாளாயிருந்தது. சிலவேளை எட்டு நாளாயிற்று! உலக வங்கிகள் திறந்திருந்த நாளிற் கொழும்பு வங்கிகள் மூடிக் கிடந்தன. ஞாயிறு பூசைக்குச் செல்லவேண்டிய கத்தோலிக்கன் கந்தோருக்குச் சென்றான். 1971இல் ஞாயிறு மீண்டது. அதை மீட்டுத் தந்தது பெரும்பாலும் வர்த்தகத்துக்கு நேர்ந்த தொல்லையேயன்றிச் சமய சமத்துவ உணர்வன்று. அவ்வரசாங்கத்திலே தமிழரசுக் கட்சியும் பங்காளியாயிருந்தது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

பக்திமான் பாராளுமன்றம் புகலாகாது என்று நாம் கூறவில்லை. கோயிலிற் கற்ற அறத்தைச் செருப்பைப்போல் வாசலிற் கழற்றி வைத்துவிட்டு வரும்படி எவரையும் கேட்க முடியாது. ஆனால், சட்டம் நம்புகிறவனையும் நம்பாதவனையும் ஒருங்கே கட்டுகிறது. ஆகவே அதற்குக் காட்டப்படும் நியாயம் இருவரும் எடைபோடக்கூடியதாய் இருத்தல் வேண்டும். 'எங்கள் சமயம் விதிக்கிறது' என்பது அச்சமயத்தவனுக்கு விடை, மற்றவனுக்கோ வாய்ப்பூட்டு.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, எந்தச் சமயத்தவருக்கும் தனிச்சலுகையோ தனித்தடையோ விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்றது. அது பலமான வேலியன்று. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனதை அது தடுக்கவில்லை. ஆயினும் வேலி என்று ஒன்று இருந்தது. 1972இல் அது பிடுங்கப்பட்டு, பௌத்தத்திற்கு முதன்மை இடம் என்ற வாசகம் நடப்பட்டது. 1978இன் 9ஆம் உறுப்புரை புத்தசாசனத்தைப் பேணி வளர்ப்பதை அரசின் கடமையாக்கிற்று. மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் பொதுசன வாக்கெடுப்பும் இன்றி அதனை மாற்றவும் முடியாது.

இது வெறும் அலங்கார வாசகம் என்போர் 2003ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளட்டும். கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கான மசோதா உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. போதனையும் தொண்டும் செய்யும் அச்சகோதரிகளின் மசோதா, ஏனைய காரணங்களோடு 9ஆம் உறுப்புரைக்கும் முரணானது என்று தீர்மானிக்கப்பட்டது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அச்சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதெனக் கண்டது.

எம்மவர் கைகள் மட்டும் தூய்மையானவையோ? சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், அச்சட்டத்தை மீறி, தாழ்த்தப்பட்டோரை மறித்து நின்றோர் எதைச் சொல்லி நின்றனர்? ஆகமத்தையும் மரபையும் சொல்லியே நின்றனர்! முதல் மந்திரிசபையில் அமைச்சராயிருந்த சி. சுந்தரலிங்கம் அவர்களே அவ்வணியின் முன்னணியில் நின்றார். சாசனத்தின் பெயராற் சட்டம் வளைக்கப்படும்போது கொதிக்கும் நாம், ஆகமத்தின் பெயரால் அது மீறப்பட்டபோது எத்தனை பேர் கொதித்தோம்?

புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், 9ஆம் உறுப்புரையிற் கைவைக்க மாட்டோம் என்ற உறுதிமொழியே முந்திக்கொண்டு வருகிறது. அது இருக்கட்டும். 29(2)இன் வாசகத்தையேனும் மீண்டும் சேர்க்குமாறு ஒரேயொரு தமிழ் உறுப்பினர் பிரேரணை கொண்டுவரட்டும். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் வெளிநடப்புச் செய்தார் என்ற பட்டியலைப் பெயர் விடாமல் இப்பக்கத்திலேயே அச்சிட நாம் ஆயத்தமாயுள்ளோம்.