தொண்டையில் துளை போட்டால் கதை முடிந்ததா?

"தொண்டையில ஓட்டை போடோணும்னு டாக்டர் சொல்லீட்டாருங்க." கொமரலிங்கம் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படிச் செய்தி வந்தால் போதும், பாதி உறவினர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேர், "வேண்டாங்க, வீட்டுக்கே கூட்டீட்டுப் போயிரலாங்க" என்பார்கள்.

பயப்படுவதில் தவறில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

டிரக்கியாஸ்டமி என்பது குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் சிறு துளையிட்டு, அதில் ஒரு வளைந்த குழாயைப் பொருத்துவது. பூச்சிமருந்து குடித்தவர், தலையில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர் எனப் பலரும் வாய்வழிக் குழாயோடு வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடப்பதுண்டு. நாள் நீண்டால் அந்தக் குழாயே குரல்வளையைப் புண்ணாக்கலாம். கழுத்துக்கு மாற்றினால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எளிதாக உறிஞ்சி எடுக்கலாம், மெஷினிலிருந்து மெல்ல விடுவிக்கலாம். தேவை தீர்ந்து குழாயை எடுத்துவிட்டால், துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

கலைஞர் கருணாநிதிக்கு 2016 டிசம்பரில், 92 வயதில், சென்னை காவேரி மருத்துவமனையில் இதைச் செய்தார்கள். அந்த மாதமே வீடு திரும்பினார். 2018 ஆகஸ்டில் மறையும்வரை, அதாவது ஏறத்தாழ இருபது மாதங்கள் வாழ்ந்தார். ஆனால் மேடைகளை ஆண்ட அந்தக் குரல் அடங்கிப்போனது. குரல் நாண்கள் துளைக்கு மேலே இருக்கின்றன. காற்று அங்கே போகும் முன்பே குழாய் வழியாக வெளியேறிவிடுகிறது!

இதற்கு ஒரு வழி கண்டவர் டாக்டர் அல்ல, நோயாளி. 1980களில் அமெரிக்காவில் தசைச்சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற இளைஞர், காற்றை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வை உருவாக்கினார். வெளிமூச்சு மேலே போய்க் குரலாகிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாமே?

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? வீட்டுக்கு வந்த பிறகு வரும் இரவுகளுக்கு. குழாயில் சளி அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கலைஞரைக் கவனிக்க மருத்துவக் குழுவே இருந்தது. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு யார் இருக்கிறார்கள்? உடுமலைப்பேட்டை போய்ச் சேரும்வரை மூச்சு காத்திருக்காது.

ஆகவே, சளி உறிஞ்சவும் உள்குழாயைக் கழற்றிக் கழுவவும் வீட்டார் இருவராவது நர்ஸ் முன்னால் செய்துகாட்டிய பிறகுதான் டிஸ்சார்ஜ் என்பது விதியாக வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தில் உறிஞ்சு கருவியையும் இரவலாகத் தரலாம். லட்சங்கள் செலவழித்துக் காப்பாற்றிய உயிரை, சில ஆயிரம் ரூபாய்க் கருவி இல்லாமல் இழப்பது எந்தக் கணக்கில் சேரும்?