ஒத்திக்குக் கொடுத்தோம், அறுதி எழுதவில்லை!

புதிய அரசாங்கத்தைத் தமிழ் மக்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்றொரு பேச்சு 2024 நவம்பர் தொடக்கம் நாட்டிலே நடமாடி வருகிறது. ஆளுங்கட்சி மேடைகளில் அது முழங்கப்படுகிறது. வெளிநாட்டார் செவிகளிலும் அது ஓதப்படுகிறது. யாழ்ப்பாணத்திலே மூன்று ஆசனங்கள் கிடைத்த பின்னர், தமிழருக்கெனத் தனியே ஒரு கோரிக்கை எதற்கு என்பதே அப்பேச்சின் சாரம். இவ்வழக்கை நாம் முறைப்படி விசாரிப்போம். சான்றுகளை ஒவ்வொன்றாக முன்வைப்போம். தீர்ப்பு வாசகர்களுடையதாகுக.

முதலாவது சான்று, வாக்குக் கணக்கு.

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாண மாவட்டத்தில் பெற்ற வாக்குகள் 27,086. நூற்றுக்கு ஏழு என்று சொல்லலாம். எட்டு வாரங்களுக்குள், நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்குகளைப் பெற்று, ஆறு ஆசனங்களில் மூன்றைக் கைப்பற்றியது. இது சிறிய காரியமன்று. தென்னிலங்கைக் கட்சியொன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றதை எவரும் மறைக்க இயலாது, மறைக்கவும் வேண்டியதில்லை.

ஆயினும் அந்த 80,830 வாக்கு, அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு இருபத்தைந்தே. நால்வரில் மூவர் வேறு கட்சிகளுக்கும் குழுக்களுக்கும் வாக்களித்தனர். அவ்வாக்குகள் பல கூறாகச் சிதறின. முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் கொடுக்கும் நமது தேர்தல் முறையும் துணை நின்றது. கால்வாசி வாக்கு அரைவாசி ஆசனமாயிற்று. இதனைத் தமிழ் மக்களின் ஏகமனதான சம்மதம் என்று வாதிப்பவர் எந்த நீதிமன்றத்தில் வென்றாலும் எண் கணிதத்தின் முன் தோற்றே தீருவார்.

அடுத்து, அபிப்பிராயக் கணிப்பை எடுத்துக் காட்டுவோர் உளர். வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் 2024 ஜூலையில் நடத்திய கணிப்பில் முந்திய அரசாங்கத்தை ஏற்றவர் 24 சதவீதம். 2025 பெப்ரவரியில் புதிய அரசாங்கத்தை ஏற்றவர் 62 சதவீதம். இதனை நாம் ஐயுறவில்லை. ஆனால் நாடு தழுவிய சராசரி என்பது யாருடைய குரல்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வடமாகாணத்தின் சனத்தொகை நாட்டின் தொகையில் நூற்றுக்கு ஐந்து அளவே. அந்த விகிதப்படி ஆயிரம் பேரைக் கேட்டால், வடக்கிலிருந்து பதில் சொல்வோர் ஏறத்தாழ ஐம்பது பேர். அந்த ஐம்பதின்மரும் ஒருங்கே அதிருப்தி கொண்டாலும் சராசரி ஐந்து புள்ளிக்கு மேல் அசையாது. சிறுபான்மையின் துயரம் சராசரியில் கரைந்து போகும் என்பதே நமது அரசியல் வரலாறு முழுவதும் கூறும் பாடம்.

மக்கள் தாமாகவே சொன்ன பதில் ஒன்று உண்டு. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. ஆறு மாதங்களுக்கு முன்னர் நாடெங்கும் 61.56 சதவீதம் பெற்ற ஆளுங்கட்சி அன்று 43.26 சதவீதமாக இறங்கிற்று. வடக்கிலே பெரும்பாலான சபைகளில் தமிழ்க் கட்சிகளே முன்னுக்கு வந்தன. யாழ்ப்பாண மாநகர சபையிலும் தமிழரசுக் கட்சியே முதலிடம் பெற்றது. நவம்பரில் கொடுத்த கையே மே மாதத்தில் மீளக் கேட்டது.

தேசவழமையை அறிந்த நம் மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு காணியை ஒத்திக்குக் கொடுப்பது வேறு. அறுதியாக எழுதிக் கொடுப்பது வேறு. ஒத்தி பிடித்தவர் விளைவை அனுபவிக்கலாம். உரித்துத் தமக்கு வந்துவிட்டதென்று உரிமை பாராட்டலாகாது. 2024 நவம்பரில் நம் மக்களிற் சிலர் கொடுத்தது ஒத்தி. ஊழலில் ஊறிய பழைய கட்சிகளின் மேல் கொண்ட வெறுப்பினாலும், தமிழ்த் தலைவர்களின் ஓயாத பிணக்கினால் வந்த சலிப்பினாலும், புதியவர்களைச் சோதித்துப் பார்ப்போம் என்ற எண்ணத்தினாலும் கொடுத்தார்கள். அதனை அறுதி உறுதியாகத் திரித்துக் காட்டுவது மோசடி.

செய்தவை எவை?

ஒத்தி பிடித்தவர் வயலை எப்படி வைத்திருந்தார்? நன்மையை மறைப்பது நமது வழக்கமன்று. முப்பத்து நான்கு ஆண்டுகளாக மூடிக் கிடந்த அச்சுவேலி–வயாவிளான் வீதி 2024 நவம்பர் 1இல் திறக்கப்பட்டது. பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வட்டுவாகல் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் வந்தது. மந்திரிமாரின் படாடோபம் குறைந்தது. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகள் பறிக்கப்பட்டன. இவற்றை வரவேற்காதவர் நியாயவான் ஆகார்.

ஆனால் பலாலி வீதி திறக்கப்பட்ட விதத்தையும் நோக்குக. காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மாத்திரமே அன்று மக்கள் போக அனுமதிக்கப்பட்டனர். இடையிலே நிற்கலாகாது என்ற கட்டளைகளுடன் அது திறக்கப்பட்டது. வீதி திறந்தது, இருமருங்கும் உள்ள தோட்டக்காணி திறக்கவில்லை. தன் பாட்டன் வெட்டிய கிணற்றை வாகனத்தின் யன்னலூடாகப் பார்த்துவிட்டுப் போகும் உரிமையை விடுதலை என்று எந்தக் கமக்காரன் ஒப்புவான்? தையிட்டியிலே தனியார் காணியில் எழுந்த விகாரையைப் பற்றி நில உரிமையாளர் போயா தினந்தோறும் குரல் எழுப்பினர். முதலாண்டு முடிந்தபோதும் அவர்கள் வீதியிலேதான் நின்றனர்.

காணி வர்த்தமானி

இவ்வளவுடன் நின்றிருந்தால், காலதாமதம் என்று பொறுத்திருக்கலாம். உள்ளூராட்சித் தேர்தலுக்கு 39 நாட்கள் முன்னர், 2025 மார்ச் 28இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54: ஆக 5,941 ஏக்கர். மூன்று மாதங்களுக்குள் உரித்துக் கோராவிடின், அக்காணிகள் அரசுக் காணிகளாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பதே அவ்வறிவித்தலின் சாரம்.

அச்சட்டம் 1931ஆம் ஆண்டின் அந்நியர் ஆட்சிச் சட்டம். காணி தன்னுடையது என்று நிறுவும் பாரத்தை உரிமையாளன் தலையில் அது சுமத்துகிறது. அதனை எந்த மண்ணிலே பிரயோகித்தார்கள்? இடப்பெயர்வுகளில் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பறிகொடுத்த மண்ணிலே! உரிமையாளர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் சிதறிக் கிடக்கும் மண்ணிலே! போரிலே மாண்டவரின் மரணச் சான்றிதழ் இன்றிச் சந்ததியார் முதுசொம் கோர முடியாது தவிக்கும் மண்ணிலே! உரித்தைத் தெளிவாக்கி மக்களுக்கே கொடுக்கும் நல்லெண்ணத்துடன் செய்தோம் என்றனர் ஆளுங்கட்சியார். நல்லெண்ணம் உடையவர் மூன்று மாதத் தவணை விதிப்பரோ?

வழக்குத் தொடரப்பட்டது. 2025 ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெற்றது. மீளப் பெற்றதை ஏற்கிறோம். ஆயினும் வழக்கும் வாக்கும் எழும்வரை அது மீளப் பெறப்படவில்லை என்பதையும் குறித்து வைக்கிறோம்.

மூன்றில் இரண்டு

இனி, வழக்கின் மையத்துக்கு வருவோம். நம்முடைய கோரிக்கைகளுக்கு முந்திய அரசாங்கங்கள் சொன்ன சாட்டு யாது? "எங்களுக்கு விருப்பம் உண்டு, மூன்றில் இரண்டு பெரும்பான்மை இல்லை" என்பதே. இந்த அரசாங்கத்துக்கு அந்தச் சாட்டு இல்லை. 225 அங்கத்தவர் கொண்ட பாராளுமன்றத்தில் அதன் பலம் 159. மூன்றில் இரண்டுக்கு வேண்டியது 150. எனவே செய்யாது விட்டவற்றுக்கு இயலாமை காரணமன்று, மனமின்மையே காரணம். இதுவே நாம் சாட்டும் குற்றம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டு "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயருடன், மூன்று ஆண்டுகளுக்கென்று அது வந்தது. 1982இல் அந்தக் கால எல்லை நீக்கப்பட்டது. அன்று சிறை புகுந்தோரின் பேரப்பிள்ளைகளும் அதே சட்டத்துக்கு அஞ்சி வாழ்கின்றனர். அதனை நீக்குவோம் என்று தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதி வாக்குக் கேட்ட கட்சி இது. பதவியேற்று ஆறாவது மாதத்திலேயே, ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிய முஸ்லிம் இளைஞரைத் தடுத்து வைக்க அதே சட்டம் பயன்பட்டது. 2025 செப்டெம்பரில் ஓராண்டு பூர்த்தியாயிற்று. சட்டம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

மாகாண சபையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலும், வடக்கின் காலம் 2018 ஒக்டோபரிலும் முடிந்தன. அன்று தொடக்கம், மக்கள் தெரியாத ஆளுநர் மூலம் மாகாணங்கள் ஆளப்பட்டு வந்துள்ளன. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். தொகுதி எல்லை அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. அறிக்கையை ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பழைய விகிதாசார முறைப்படி தேர்தல் நடத்தச் சட்டத்தைத் திருத்தினால் போதும். ஓராண்டுக்குள் மாகாண சபைத் தேர்தல் என்பதும் விஞ்ஞாபன வாக்குறுதியே. அந்த ஓராண்டு தேர்தல் இன்றியே கழிந்தது.

செய்ய மனம் வந்தால் எவ்வளவு விரைவு என்பதற்கும் சான்றுண்டு. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 2025 செப்டெம்பர் 10இல் 151 வாக்குகளால் நிறைவேறியது. மாளிகையிலிருந்து முன்னாள் ஜனாதிபதியை வெளியேற்ற 151 கைகள் உயர்ந்தன. விசாரணையின்றி மனிதரை அடைக்கும் சட்டத்தை வெளியேற்ற அக்கைகள் ஏன் உயரவில்லை?

"நாடு 2022இல் வங்குரோத்து அடைந்தது, முதலில் பொருளாதாரம், பின்னரே மற்றவை" என்பார் சிலர். வறுமையின் கொடுமையை வெங்காயமும் புகையிலையும் விளைவித்து விலையின்றி வாடும் நம் கமக்காரருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது ஒன்றே: பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க எத்தனை ரூபா செலவாகும்? ஒரு சதமும் ஆகாது. உழுவதற்குக் காணியைத் திருப்பிக் கொடுத்தால் நாட்டின் விளைவு கூடுமா, குறையுமா? நீதிக்குப் பணமில்லை என்ற வாதம் நீதிக்கு மனமில்லை என்பதன் மறுபெயர்.

இந்நாட்டில் பெரும் பெரும்பான்மைகள் தமிழருக்கு என்ன செய்தன என்பதையும் நினைவுகூர்வோம். 1970இல் ஐக்கிய முன்னணி தேர்ந்தெடுக்கப்பட்ட 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. 1972இன் அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையோருக்குக் காப்பாகச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு மறைந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140ஐ வென்றது. இரண்டு ஆண்டுகளில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றில் இரண்டு என்ற வாள் இதுவரை ஒரே பக்கமாகவே வெட்டியிருக்கிறது. ஆளுங்கட்சியின் தலைமை அங்கமான மக்கள் விடுதலை முன்னணியே வடக்கு கிழக்கு இணைப்புக்கு எதிராக நீதிமன்றம் சென்று, 2006 ஒக்டோபரில் அதனைப் பிரிப்பித்தது என்பதும் வரலாறு. அவ்வரலாற்றைத் திருத்தி எழுதும் வாய்ப்பு வேறெந்தத் தலைவருக்கும் வாய்க்காத அளவில் இவர்களுக்கு வாய்த்தது. அதன் முதலாண்டை வீதித் திறப்பு விழாக்களிலும் அடிக்கல் நாட்டு விழாக்களிலும் செலவிட்டார்கள்.

ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மக்களின் தூதுவர் என்று அனுப்பப்பட்டீர்கள். அரசாங்கத்தின் தூதுவராய் எம்மிடம் திரும்பி வாராதீர்கள். காணி வர்த்தமானியை எதிர்த்து எழுந்த குரல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. உங்கள் ஆசனங்களிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தமிழ்க் கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை. மே மாத வாக்கு உங்களுக்கு எழுதப்பட்ட அறுதியும் அன்று. ஒற்றுமையின்றி மீண்டும் சிதறினால், கால்வாசி வாக்கு மீண்டும் அரைவாசி ஆசனமாகும்.

மக்களே! புகழுரைக்கு மயங்காதீர், வெறும் வெறுப்புக்கும் இடம் கொடாதீர். வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள். மக்களின் காணியில் எத்தனை ஏக்கர் உரியவர் கைக்கு வந்தது? விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம், பெயர் மாறியேனும் எஞ்சியிருக்கிறதா? நாம் தெரிந்த சபை நம்மை ஆள்கிறதா? ஏக்கர் கணக்கையும், சட்டத்தின் வாசகத்தையும், தேர்தலின் தேதியையும் காட்டுபவருக்கு வாக்களிப்பது அறிவு. வெறுங்கையுடன் வருபவரிடம், தவணை முடிந்தது என்று சொல்லி ஒத்தியை மீட்பது உங்கள் உரிமை.